விசிறியைத் திருப்பி மாட்டியவள்

காதண்ணனுக்கு அந்தப் பெயர் வந்தது அவருடைய காது பெரியது என்பதால் அல்ல. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். உள்ளே எது தேய்ந்திருக்கிறது, எது ஆடுகிறது என்று கழற்றிப் பார்க்காமலே சொல்வார். சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் காதண்ணன். அந்த வகையில் அவருடைய மனைவியும் எல்லோருக்கும் அண்ணியாகிப்போனாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

பட்டறை வீட்டை ஒட்டியே இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ஸ்பேனர்கள். சமையலறையின் பின்கதவைத் திறந்தால் பட்டறைக்குள்தான் கால் வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அந்தக் கதவு வழியாக டீ கொண்டுவந்தவள், காலி டம்ளருக்காகக் காத்து நின்ற நேரத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு கழற்றிய சாமான்களை டீசலில் கழுவினாள். பிறகு எது எங்கே போகும், எது எதற்குப் பிறகு வரும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவர் கையை நீட்டினால் போதும், கேட்காமலே சரியான ஸ்பேனர் உள்ளங்கையில் வந்து உட்காரும். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன நாட்களிலும் அந்தக் கொடுக்கல் மட்டும் நின்றதில்லை.

பழத்தோட்டக்காரர் தன் அப்பா காலத்து டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு வெயில் நாளில். அவரிடம் புது டிராக்டரும் இருந்தது. ஆனால் அது அகலம். மரங்களுக்கு நடுவே நுழைந்தால் கிளைகளை முறித்துவிடும். ஒடுங்கிய உடம்போடு வரிசைக்கு வரிசை புகுந்து வருவது இந்தக் கிழம்தான். இப்போது முன்பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம், ரேடியேட்டரிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

காதண்ணன் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கண்ணை மூடினார். விசிறியின் பேரிங் போய்விட்டது என்றார். பேரிங் தேய்ந்ததால் விசிறி தள்ளாடுகிறது, தள்ளாடிய விசிறியின் இறக்கை ரேடியேட்டரின் முதுகைப் பிறாண்டியிருக்கிறது, தண்ணீர் ஒழுகுவது அதனால்தான் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். கழற்றிப் பார்த்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. காது பொய் சொல்லவில்லை.

சில மாதங்களாக வேறு சில விஷயங்கள்தான் அண்ணியை உறுத்திக்கொண்டிருந்தன. டீ குடித்து முடித்த டம்ளர் பக்கத்திலேயே இருக்க, இன்னும் டீ வரவில்லையே என்பார். கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பிவந்து, எதற்காகப் போனோம் என்று அவளையே கேட்பார். தலைக்கு மேல் வேலை, வயதும் ஆகிறது என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிற மனிதர். இதைப் போய் அவரிடம் யார் கேட்பது?

ரேடியேட்டரின் ஓட்டையைப் பற்றவைத்து அடைக்கக் கொடுத்துவிட்டு விசிறி வேலையில் இறங்கினார்கள். அவர் பெல்ட்டைத் தளர்த்தி, விசிறியைக் கழற்றி, அது உட்காரும் பெல்ட் சக்கரத்தையும் அச்சையும் உருவியெடுத்தார். பழைய பேரிங் கையில் எடுத்ததுமே கலகலத்தது. அவள் எல்லாவற்றையும் கழுவித் துணியில் துடைத்து, வரிசையாக அடுக்கினாள். வளைந்திருந்த இறக்கையை அவர் மரக்கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நேராக்கினார். புது பேரிங்கில் கிரீஸ் அடைத்து உள்ளே இறக்கினார். இறக்கியதை மறுபடி வெளியே எடுத்தார். கிரீஸ் வைக்க மறந்துவிட்டோமே என்றார். வைத்தீர்களே, வழிகிறதே என்று அவள் காட்டினாள். ஆமாம் என்று மறுபடி இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்தார். இந்தத் தடவை அவள் அதை வாங்கித் தானே உள்ளே இறக்கினாள்.

எல்லாவற்றையும் டிராக்டரில் பூட்டுகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். மகள் வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள், லீவு கிடைக்கிற நேரம்தான் பேசுவாள். அண்ணி சமையலறைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் விசிறி ஏறி, புது பெல்ட் மாட்டி, ஓட்டை அடைத்து வந்த ரேடியேட்டரும் உட்கார்ந்துவிட்டது. இஞ்சினை ஓடவிட்டார்கள். கரகரப்பு இல்லை, ஒழுகல் இல்லை. தோட்டக்காரர், கிழவனுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்து ஓட்டிப்போனார்.

மறுநாளே அது புது டிராக்டரின் பின்னால் சங்கிலியில் கட்டப்பட்டு வந்து சேர்ந்தது. கலப்பையை மண்ணில் இறக்கி நாலு வரிசை உழுவதற்குள் தண்ணீர் கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி பீறிட்டிருக்கிறது. தோட்டக்காரர் கோபப்படவில்லை. புது பெல்ட் வழுக்குகிறதோ என்னவோ, பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். காதண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அண்ணி குனிந்து பார்த்தாள்.

விசிறியின் இறக்கை ஒவ்வொன்றும் கரண்டி போல லேசாகக் குழிந்திருக்கும். குழிந்த பக்கம் இஞ்சினைப் பார்க்க வேண்டும். இங்கே அது ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. விசிறி திரும்பி இருந்தது. அப்படி மாட்டினாலும் சுற்றும், காற்றையும் இழுக்கும், ஆனால் அரைகுறையாக. பட்டறையில் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. சுமை இழுக்கும்போதுதான் கொதிக்கும். புதிதாக வேலைக்கு வந்தவன் செய்கிற பிழை அது. இருட்டில் தடவிப் பார்த்து மாட்டக்கூடியவர் இவர்.

காதண்ணன் வந்தார். குனிந்தார். பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார். விசிறியின்மேல் உள்ளங்கையை வைத்து இறக்கை இறக்கையாகத் தடவினார். அவள் காத்திருந்தாள். கை அந்தக் குழியில் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போயிற்று. அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றார்.

தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் அந்த டிராக்டரோடு வளர்ந்தவர்தான். "அண்ணே, ஃபேன் திரும்பி இருக்கிற மாதிரி தெரியுதே" என்று தயங்கிச் சொன்னார்.

காதண்ணன் மறுபடி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது. ஒரு இஞ்சினுக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் அவளை அப்படிப் பார்த்ததே கிடையாது.

"நான்தான் மாட்டினேன்" என்றாள் அண்ணி. "அவருக்கு இடுப்பு வலி. நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு நானே மாட்டினேன். திருப்பிப் போட்டுட்டேன் போல."

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது. காதண்ணன் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். அப்படி ஒன்று நடந்ததா என்று தேடுவதுபோல் இருந்தது. பிறகு முகம் மெல்லத் தெளிந்தது.

"அதானே பார்த்தேன்" என்றார். "தெரியாத வேலையில எதுக்குக் கை வைக்கிற? ஊர்ல என் பேர் என்ன ஆகிறது?"

தோட்டக்காரர், விடுங்கள் அண்ணே, கைத் தவறு யாருக்கும் வருவதுதான் என்று சமாதானம் செய்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். விசிறியைக் கழற்றி மறுபடி மாட்டும்போது, குழிந்த பக்கம் எங்கே போக வேண்டுமோ அப்படியே பிடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் பார்க்காமலே வாங்கிப் போல்ட்டை முடுக்கினார். அன்று டிராக்டர் தோட்டத்தில் சாயங்காலம்வரை உழுதது, கொதிக்கவில்லை.

அதோடு முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். ஆனால் காதண்ணனுக்கு அது நினைவில் பசைபோட்டு ஒட்டிக்கொண்டது. மற்றதெல்லாம் நழுவிப்போக, நடக்காத அது ஒன்று மட்டும் தங்கிவிட்டது. வண்டி கொண்டுவருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். டீக்கடைக்காரர், அண்ணி, எங்கள் கடை ஃபேன் சரியான பக்கம்தான் சுற்றுகிறதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கிண்டல் செய்தார். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையே என்று இருந்தது அவளுக்கு.

ஆனால் ஒருநாள் டீயோடு போனபோது பின்கதவு திறக்கவில்லை. பட்டறைப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தார். இனிமேல் உள்ளே வர வேண்டாம், வேலை கெட்டுப்போகிறது என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே சொல்லிவிட்டார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை காலத்தில் அவர் அவளை வைததுண்டு, அழவைத்ததுண்டு. கதவைச் சாத்தியதில்லை.

அதன்பிறகு அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். காய் நறுக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் காது பட்டறையில் இருக்கும். சுத்தியல் சத்தம் கேட்டால் நிம்மதி. ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டாலும் நிம்மதிதான். சத்தமே இல்லாத நேரம்தான் தாங்க முடியாது. அவர் எதையோ கையில் எடுத்துக்கொண்டு, அது என்ன என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அப்போது ஏதாவது சாக்கு வைத்துக் கதவைத் தட்டுவாள். என்ன வேண்டும் என்று எரிந்துவிழுவார். அந்தக் கோபக் குரலைக் கேட்டால் அவளுக்கு மூச்சு வரும்.

மகள் அடுத்த முறை போன் செய்தபோது முதலில் அப்பாவிடம் பேசினாள். பிறகு அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"நீயாம்மா ஃபேனைத் திருப்பி மாட்டின?"

"ஆமா. ஏதோ ஞாபகத்துல."

மகள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, நான் ஸ்கூல் படிக்கும்போது அந்த ஃபேனை எப்படி மாட்டணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்."

அப்பாவின் மறதியைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் மகள் வரிசையாகக் கேட்டாள். அண்ணி ஒவ்வொன்றுக்கும் ம் என்றாள். உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, தள்ளிப்போடாதே என்று மகள் கெஞ்சினாள். கையில் இருக்கிற வேலை முடியட்டும், பக்குவமாகச் சொல்லிக் கூட்டிப்போகிறேன் என்றாள் அண்ணி. யாரிடமும் சொல்லிவிடாதே, அவர் தலைநிமிர்ந்து நடக்கிற மனிதர் என்று மகளுக்குச் சொன்னாள்.

பக்குவமான நேரம் வருவதற்கு முன் தோட்டக்காரர் டிராக்டரோடு வந்தார். புது பெல்ட் கொஞ்ச நாள் ஓடினால் இழுபட்டுத் தொய்யும், அதை மறுபடி இறுக்க வேண்டும். கால் மணி நேர வேலைதான். அண்ணி வெளித்திண்ணையோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கையசைத்துவிட்டு உள்ளே போனாள். போகும்போது தோட்டக்காரரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. என்னவென்று சொல்வது, கொஞ்சம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றா? ஏன் என்று கேட்பாரே. சொல்லவில்லை.

நடந்ததைத் தோட்டக்காரர்தான் பிறகு சொன்னார். இஞ்சினை நிறுத்தட்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார். ஓடட்டும், சத்தம் கேட்க வேண்டும் என்றிருக்கிறார் காதண்ணன். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். தோட்டக்காரர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். காதண்ணன் கேட்கும்போது யாரும் அசைவதில்லை, அது பழக்கம். பிறகு காதண்ணன் கண்ணைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, பெல்ட் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்க்க விரலை நீட்டினார். நின்றிருக்கிற இஞ்சினில் செய்கிற மாதிரி, வெகு நிதானமாக. ஓடுகிற இஞ்சினில் கை வைக்காதே என்று எத்தனை பேரின் காதைத் திருகியிருப்பார். தோட்டக்காரர் அலறிக்கொண்டே நிறுத்தும் குமிழை இழுத்தார். பழைய டீசல் இஞ்சின், சொன்னதும் நிற்காது. மூச்சு வாங்கி, இன்னும் சில சுற்றுச் சுற்றித்தான் நின்றது.

சமையலறையில் அண்ணிக்குக் கேட்டது இஞ்சினின் சுருதி மாறியதுதான். கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அந்தப் பக்கம். இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். பிறகு முன்வாசல் வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் காப்பாற்ற முடியவில்லை. வலது கை. உள்ளே கட்டுப்போட்டுக்கொண்டிருந்தபோது, நீளமான நடையில் போட்டிருந்த பெஞ்சில் அண்ணியும் தோட்டக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டக்காரரின் சட்டையெல்லாம் ரத்தம். அவர் குனிந்து, நான் இஞ்சினை நிறுத்தியிருக்க வேண்டும், அவர் வேண்டாம் என்றாலும் நிறுத்தியிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அண்ணியால் முடியவில்லை.

"அன்னிக்கு அந்த ஃபேனை நான் மாட்டலை. அவர்தான் மாட்டினார்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டீ டம்ளர், கிரீஸ், பட்டறையில் வரும் மௌனம், மகள் சொன்னது எல்லாம்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அண்ணி" என்றார் தோட்டக்காரர். "நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். இறங்கி அவர் பக்கத்துல நின்னிருப்பேன். அவ்வளவுதானே."

குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அதனாலேயே அவளால் அதைத் தாங்க முடியவில்லை. ஊர் சிரிக்கக் கூடாது என்று மூடிவைத்தாள். யார் சிரித்திருக்கப்போகிறார்கள்? இந்த மனிதர் சிரித்திருப்பாரா? முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அவள் அழுதாள். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டாக்டர் பிறகு ஒருநாள் மகளையும் அவளையும் உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னார். மறதி நோய்தான், போனது திரும்பாது, மெதுவாக்க மருந்து தரலாம். மகள் லீவை நீட்டிக்கொண்டு கூடவே இருந்தாள். ஸ்பேனர்களையெல்லாம் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் அடுக்கினாள். பட்டறையின் வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டாள். பின்கதவின் தாழ்ப்பாளை மட்டும் அண்ணி கழற்றி எறிந்துவிட்டாள்.

காதண்ணன் காலையில் எழுந்ததும் கையைப் பார்த்து, இது என்ன ஆயிற்று என்று கேட்பார். இனி அவரிடம் பொய் சொல்வதில்லை என்று அண்ணி முடிவு செய்திருந்தாள். ஓடுகிற இஞ்சினில் கை வைத்துவிட்டீர்கள் என்றாள். அவர் அதிர்ந்துபோய், நானா, நான் அப்படிச் செய்வேனா என்று அழுதார். மறுநாளும் கேட்டார். மறுநாளும் சொன்னாள். அவருக்கு அது புதுச் செய்தி, புதிதாகவே அழுதார். மூன்றாவது நாள் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, போதும்மா என்றாள். அடுத்த நாள் அவர் கேட்டபோது, அடிபட்டுவிட்டது, ஆறிக்கொண்டு வருகிறது என்று மட்டும் சொன்னாள் அண்ணி. அவர் தலையாட்டிவிட்டு டீ கேட்டார். உண்மையும் இல்லாமல் பொய்யும் இல்லாமல் அப்படி ஒரு பதிலை விசிறி திரும்பியிருந்த அன்றைக்கே ஏன் தேடவில்லை என்று நினைத்தபடி அவள் அடுப்படியில் நின்றாள்.

தோட்டக்காரர் வாராவாரம் வந்தார். டிராக்டரை எடுத்துக்கொண்டு வருவதில்லை, நடந்தே வந்தார். காதண்ணனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மழை, காய்ப்பு என்று ஏதாவது பேசுவார். ஒருமுறை காதண்ணன் அவரைப் பார்த்து, உங்களுக்கு என்ன தொழில் என்று கேட்டார். தோட்டம் வைத்திருக்கிறேன் என்றார் அவர். நல்ல தொழில், கை அழுக்காகாது என்றார் காதண்ணன். இருவரும் சிரித்தார்கள். தோட்டக்காரர் திரும்பும்போது அண்ணி வாசல்வரை கூட வந்தாள். அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

மகளும் ஊருக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி அவருக்கு நகம் வெட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய நகக்கண்ணில் கறுப்பு இல்லாமல் அவள் பார்த்ததில்லை. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாத கிரீஸ். இப்போது நகங்கள் வெளுத்து, குழந்தை நகம்போல் சுத்தமாக இருந்தன. இடது கையை முடித்துவிட்டு வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சீக்கிரமே முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் அவர்.

"அவ்வளவுதாங்க" என்றாள். கையை விடாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.